தண்ணீர் எங்கே போகிறது?

இன்று காலை உங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் எங்கே போயிற்று? பாத்திரம் கழுவிய தண்ணீர்? துணி துவைத்த சோப்பு நுரை?

"கால்வாய்க்குப் போயிற்று" என்பீர்கள். சரி, கால்வாயிலிருந்து? "ஆற்றுக்கு." ஆற்றிலிருந்து? இந்த மூன்றாவது கேள்விக்கு நின்று பதில் சொல்பவர்கள் குறைவு. இருபது வருடங்களுக்கு மேலாகத் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் நானும் அதை என்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வைத்தது 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு வார வகுப்பு.

அங்கே ஒரு சங்கத்தின் மண்டபம். படிவம் ஒன்றிலிருந்து மூன்று வரை படிக்கும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள். மீதிப் பேர் கிள்ளான், ஷா ஆலம் பக்கத்திலிருந்து காலையில் ரயிலேறி வருபவர்கள். ஆறு நாள், சுற்றுச்சூழல் அறிவியல் பாடம். நடத்த வேண்டியவள் நான்.

முதலில் தயங்கினேன். நான் பட்டதாரி அல்ல. பயிற்சிச் சான்றிதழோடு தொடக்கப்பள்ளி வேலைக்கு வந்தவள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எப்படி அறிவியல் சொல்வது? ஏற்பாடு செய்தவர் சிரித்தார்.

"டீச்சர், பிள்ளைகளுக்கு அறிவியல் தெரியும். மலாயில் தெரியும். பரீட்சையில் நன்றாக எழுதிவிடுவார்கள். ஆனால் வீட்டில் பாட்டியிடம் சொல்லத் தெரியாது. அடுப்படியில் எதை எங்கே கொட்டுவது என்று தீர்மானிப்பது பாட்டிதானே? அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறோம்."

இதற்கு மேல் என்ன மறுப்புச் சொல்ல?

திங்கட்கிழமை, கரும்பலகையில் ஒரு வீடு வரைந்தேன். அடுப்படியிலிருந்து ஒரு கோடு இழுத்து, மேலே நீங்கள் படித்த அதே கேள்விகளைக் கேட்டேன். "லோங்காங்", "ஆறு" என்று வரிசையாகப் பதில் வந்தது. "ஆற்றிலிருந்து?" என்றதும் முன் வரிசையில் இருந்த பிரிக்பீல்ட்ஸ் பையன், நல்ல உயரம், துடிப்பானவன், கையைத் தூக்கினான்.

"கடலுக்குப் போயிடும் டீச்சர். அவ்வளவுதான்."

பின் வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"எங்க வீட்டுக்கு வரும் டீச்சர்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவைச் சேர்ந்தவள் என்று வருகைப் பதிவில் பார்த்த நினைவு எனக்கு அப்போதுதான் வந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய குடியிருப்பு.

ஒரு நல்ல ஆசிரியை அந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி அவளைப் பேசச் சொல்லியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிம்மா, அதை அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். அவள் அழுதுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிள்ளையின் மேல் உள்ள இரக்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் கோழைத்தனம்.

அன்று மீதி நேரம் ஆற்றின் படம் வரைந்தோம். கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலையில் பிறக்கிறது கிள்ளான் ஆறு. மஸ்ஜித் ஜாமிக் அருகே கோம்பாக் ஆறு வந்து சேர்கிறது. 1857 ஆம் ஆண்டு ஈயம் தேடிக் கிள்ளானிலிருந்து படகில் ஏறி வந்த 87 பேர் கரை இறங்கியது அந்தக் கூடுதுறையில்தான். காட்டுக் காய்ச்சலில் ஒரே மாதத்தில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். கோலா என்றால் ஆறு கூடும் இடம், லும்பூர் என்றால் சேறு. நம் தலைநகரின் பெயரே ஆற்றுச் சேறுதான். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடி, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் வழியாகத் துறைமுகத்தருகே கடலில் விழுகிறது. மொத்தம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பிள்ளைகள் தங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் புள்ளிகள் மேலே, கிள்ளான் புள்ளிகள் கீழே. நடுவில் ஒரே கோடு.

செவ்வாய்க்கிழமை செய்முறைப் பாடம். சங்கத்து இளைஞர் ஒருவர் பாலத்திலிருந்து கயிறு கட்டி வாளியை இறக்கி, ஆற்றுத் தண்ணீர் கொண்டு வந்தார். யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரு காகிதத்தில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் கண்ணாடிக் குவளையை வைத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். குழாய்த் தண்ணீரில் குவளை நிறைந்த பிறகும் குறி தெரிந்தது. ஆற்றுத் தண்ணீரில் நான்கு விரல் உயரத்துக்குள் மறைந்துவிட்டது.

பிறகு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் படிகாரத் தூளைக் கலந்து கலக்கி வைத்தோம். அரை மணி நேரத்தில் மண் திரிந்து அடியில் படிந்தது. மேலே தெளிந்த நீர். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில் அம்மா தண்ணீர்ப் பீப்பாயில் படிகாரக் கட்டியைச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதே குடும்பத்து உப்பைத்தான் பெரிய நீர் சுத்திகரிப்பு ஆலைகளிலும் போடுகிறார்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு படியாமல் இருக்கின்றன. படிகாரம் அந்தத் தள்ளலைக் குறைத்து, அவற்றை ஒட்ட வைத்துக் கனமாக்கிவிடுகிறது. அம்மாவுக்குக் காரணம் தெரியாது, பலன் தெரியும்.

"இந்தக் களிமண்தானே நம் ஊருக்குப் பெயர் கொடுத்தது" என்றேன். 1881 இல் கோலாலம்பூர் ஒரே ஆண்டில் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, கூரை வேய்ந்த மர வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் அறுத்துச் சுட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பிள்ளைகளுக்கு அது புதிய செய்தி.

"தெளிந்துவிட்டதே, இப்போது குடிக்கலாமா?" என்று ஒருவன் கேட்டான். கூடாது. கண்ணுக்குத் தெரிந்தது மண் ஒன்றுதான். தெரியாதவை இன்னும் எத்தனையோ. நம் நாட்டில் ஆற்று நீரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு மலையடிவாரத்துத் தெளிந்த நீர். ஐந்தாவது எதற்கும் உதவாதது. வகுப்பு சொல்வதற்கு மண்ணோடு சேர்த்து ஆறு அளவுகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் முதன்மையானது கரைந்திருக்கும் பிராணவாயு. நம் ஊர் வெப்பத்தில் நல்ல நீர் ஒரு லிட்டரில் எட்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் பிராணவாயு தாங்கும். நாம் விடும் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் அதே பிராணவாயுவைத்தான் மூச்சு விடுகின்றன. கழிவு மிகுந்தால் அவை எடுத்துக்கொண்டது போக மீனுக்கு மிச்சமில்லை. 2011 இல் தொடங்கிய 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டத்தின் நோக்கம், கிள்ளான் ஆற்றின் மேல் பகுதியை உடல் படும் விளையாட்டுக்கு ஏற்ற இரண்டாம் வகுப்புக்குக் கொண்டுவருவது. மஸ்ஜித் ஜாமிக் அருகே நீல விளக்கும் நீராவியும் பார்த்திருப்பீர்கள். விளக்குப் போடுவது சுலபம். தண்ணீரை வகுப்பு மாற்றுவது நம் எல்லார் வீட்டுக் கால்வாயையும் பொறுத்தது.

புதன்கிழமை எனக்குச் சோதனை வந்தது.

எண்ணெயைப் பற்றிப் பாடம். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால், அது குளிர்ந்து மற்ற அழுக்கோடு கட்டிப் பிடித்துக் கால்வாயை அடைக்கும், ஆற்றில் படலமாகப் படர்ந்து காற்று தண்ணீருக்குள் கரைவதைத் தடுக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த முன் வரிசைப் பையன் எழுந்தான்.

"டீச்சர், நீங்க எண்ணெய எங்க ஊத்துவீங்க?"

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் பின்கட்டுக் கால்வாயில்தான் ஊற்றினேன். மேலே கொஞ்சம் சோப்புத் தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினேன். சுத்தக்காரி என்ற பெருமை வேறு!

ஒரு கணம், பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பிறகு சொன்னேன்: "போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் லோங்காங்கில்தான் ஊற்றினேன்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. என் மரியாதை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் ஒவ்வொருவராக, "எங்க வீட்லயும்தான் டீச்சர்" என்று கை தூக்கினார்கள். ஒருத்தி அவள் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் தினம் எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் உண்மையான பாடம் நடந்தது என்பேன்.

அன்று கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நியாயமான ஒரு கேள்வி கேட்டான். "நாம ஒரு சட்டி எண்ணெய ஊத்துறோம். ஆலைக்காரங்க லாரி லாரியா விடுறாங்களே டீச்சர், அவங்கள யாரு கேக்குறது?"

கேட்க முடியும் என்பதற்கு நம் தோட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவு நீர் குளத்தைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள்தானே நாமெல்லாரும்? அந்தக் கழிவு நீர் பச்சையாக வரும்போது, அதைச் சிதைக்க ஒரு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயு தேவை. ஒரு காலத்தில் அது அப்படியே ஆற்றுக்குப் போனது. 1974 இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977 இல் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 1978 இல் 5,000 என்று வரம்பு வைத்து, படிப்படியாக இறக்கி 1984 இல் 100 ஆக்கினார்கள். அதற்காகத்தான் அந்தக் குளங்கள். குளத்து நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்த்த பிறகே தண்ணீர் வெளியேறலாம். அந்த நாற்றம் ஆறு பிழைப்பதற்கு நாம் கொடுத்த விலை என்று சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

சட்டத்தை மீறுகிறவர்களும் இருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஓர் ஆற்றில் கலந்த கழிவு, சுங்கை சிலாங்கூர் வரை போய், நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூட வைத்தது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது.

"ஞாபகம் இருக்கு டீச்சர்!" என்றான் முன் வரிசைப் பையன். "பதினோரு மாடி. லிஃப்ட்டும் கெட்டுப்போயிருந்துச்சு. வாளிவாளியா நானும் அண்ணனும் தூக்கினோம்."

"அன்றைக்கு யாரோ மேலேயிருந்து விட்டது உன் வீட்டுக்கு வந்தது" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் பின் வரிசையைப் பார்த்தான்.

வியாழக்கிழமை மழையைப் பற்றிய கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நீளம் 12 மீட்டர், அகலம் 6 மீட்டர் உள்ள ஒரு வரிசை வீட்டுக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால்? 7,200 லிட்டர். நூறு காலன் தொட்டி ஏறக்குறைய பதினாறு நிரம்பும்! கிள்ளான் ஆறு நீர் வாங்கும் நிலப்பரப்பு 1,288 சதுர கிலோமீட்டர். அது முழுவதிலும் அதே மழை பெய்தால் 12 கோடியே 88 லட்சம் கன மீட்டர். கோலாலம்பூரின் நடுப்பகுதியைக் காப்பாற்ற 2007 இல் திறந்த 'ஸ்மார்ட்' சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். அதன் தேக்கக் குளங்களையும் சேர்த்தால் 30 லட்சம் கன மீட்டர் தாங்கும். வகுத்துப் பார்த்தார்கள். குளங்களோடு அப்படி நாற்பத்து மூன்று சுரங்கங்கள் வேண்டும்.

பெய்த மழை அத்தனையும் ஆற்றுக்கு வருவதில்லை. காட்டில் இலைச் சருகும் மண்ணும் குடித்துக்கொள்ளும். ரப்பர் தோட்டத்து மேட்டு நிலத்தில் மர வரிசைகளுக்கு இடையே குழி வெட்டி, கொடி படர விட்டிருப்பதை நம் பெற்றோர் அறிவார்கள். மண்ணையும் தண்ணீரையும் பிடித்து வைக்கத்தான் அது. சிமெண்டும் தாரும் குடிக்காது. விழுந்ததை அப்படியே கால்வாய்க்குத் தள்ளிவிடும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வானம் இருண்டு இடி இடித்தது. முதல் நாளே போத்தலை வெட்டிச் செய்து வைத்திருந்த மழைமானியைப் பார்க்கப் பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் ஓடவில்லை. புத்தகங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கிற்று. "அம்மாவுக்குப் போன் பண்ணணும் டீச்சர். பாட்டி கீழ்வீட்டுல தனியா இருக்காங்க."

போன் போட்டுக் கொடுத்தேன். அங்கே மழை இல்லை என்று தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன். "உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வந்தது?"

சொன்னாள். டிசம்பர் 18, சனிக்கிழமை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது என்று பிற்பாடு அதிகாரிகள் சொன்ன நாள். முதலில் கால்வாய் நிரம்பியது. பிறகு குளியலறைத் துவாரத்திலிருந்து தண்ணீர் மேலே வந்தது. வெளியேயிருந்து வருவதற்கு முன் உள்ளேயிருந்து வந்ததுதான் அவளுக்கு மறக்கவில்லை. அப்பா பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்குப் போனார். இரண்டு இரவு அங்கே. பசியைவிட இருட்டுத்தான் பயமாக இருந்ததாம். திரும்பி வந்தபோது அவள் ஆறாம் ஆண்டுவரை சேர்த்து வைத்த சான்றிதழ்கள் கூழாகக் கிடந்தன.

"சுவத்துல இன்னும் கோடு இருக்கு டீச்சர். அப்பா ரெண்டு தடவை சாயம் அடிச்சாரு. அப்பவும் தெரியுது."

நனைந்த கையோடு உள்ளே வந்த முன் வரிசைப் பையன் எவ்வளவு நேரமாக அங்கே நின்றானோ தெரியாது. "எவ்வளவு உயரம்?" என்றான். எனக்குத் திக்கென்றது. அவள் கொஞ்சம் யோசித்து, "அளந்ததில்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் ரயிலேறினோம். ரயில்வேக்காரர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில், பழைய ரயில் நிலத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரலிலிருந்து துறைமுகம் வரை, ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். ரயில் பாதையும் ஆறும் ஒரே பள்ளத்தாக்கில்தான் இறங்குகின்றன. ஷா ஆலம் நிலையத்தில் அந்தப் பெண் ஏறினாள். ஏறியதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தரையிலிருந்து கோடு வரை 152 சென்டிமீட்டர். அன்று என் உயரம் 145.'

பையன் தாளை வாங்கிப் படித்தான். ரயில் கதவோரம் நிமிர்ந்து நின்று, "டீச்சர், நூத்தி அம்பத்தி ரெண்டு என் மேல எங்க வரும்?" என்றான். ஒருத்தி நாடாவை எடுத்து அளந்தாள். அவன் மூக்குக்கு நேரே வந்தது. அவன் தன் கையை அந்த உயரத்தில் படுக்கையாக வைத்துக்கொண்டு நின்றான். கிள்ளான் நிலையம் வரும்வரை யாரும் பேசவில்லை.

"அது நாங்க விட்ட தண்ணியா டீச்சர்?" என்று பிறகு மெதுவாகக் கேட்டான்.

பொய்யும் சொல்லக்கூடாது, பிள்ளையின் தலையில் பாரமும் ஏற்றக்கூடாது. "மழை அளவுக்கு மீறிப் பெய்தது. அந்த இடம் தாழ்வானது. ஆற்றின் மேல் பகுதியில் மண்ணை மூடிச் சிமெண்டு போட்டுவிட்டோம். கால்வாய்களில் குப்பை. கடலிலும் ஏற்றம் இருந்தால் ஆறு வடியாது. ஒருவர் செய்த தப்பு இல்லை. ஆனால் யாருமே செய்யாததும் இல்லை" என்றேன்.

கடல் ஏற்றம் என்றால் என்ன என்பதைத் துறைமுகப் படகுத்துறையில் நேரில் பார்த்தார்கள். புலாவ் கெத்தாம் போகும் படகுகள் புறப்படும் இடம் அது. கோலக் கிள்ளானில் கடல் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாள்கள் உண்டு. ஏற்றத்தின்போது வெள்ளக் கதவுகளை மூட வேண்டும். மூடினால் ஊருக்குள் பெய்த மழையை இயந்திரம் வைத்துத்தான் இறைத்துவிட வேண்டும். எதிரே பாக்காவ் மரக் காடு வேரை ஊன்றி நின்றது. அலையின் வேகத்தைத் தணித்து, மண்ணைப் பிடித்து வைத்து, நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டிலாக இருக்கும் காடு. தூணோரத்தில் போத்தல்களும் பொட்டலக் காகிதங்களும் மோதிக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, "டீச்சர், நம்ம ஊர் மீ பாக்கெட்!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. 2019 முதல் கிள்ளான் ஆற்றில் சூரிய ஒளியில் ஓடும் ஒரு மிதவை இயந்திரம் குப்பையை அள்ளி வருகிறது. அதற்கும் ஓய்வில்லை, நமக்கும் கை நிற்கவில்லை.

சனிக்கிழமை பெற்றோரும் பாட்டி தாத்தாக்களும் வந்தார்கள். பிள்ளைகள்தான் ஆசிரியர்கள். தமிழில் சொல்ல வேண்டும், மலாய்ச் சொல் வந்தால் ஒரு மதிப்பெண் குறையும் என்று விதி. எண்ணெயைப் பற்றிப் பேசிய பேத்தியைப் பார்த்து ஒரு பாட்டி, "தோட்டத்துல நாங்க எண்ணெயக் கொட்டினதே இல்லடி. மிஞ்சினாத்தானே கொட்டுறதுக்கு?" என்றார். மண்டபமே சிரித்தது. அதைவிடப் பெரிய சுற்றுச்சூழல் பாடத்தை நான் அந்த வாரத்தில் நடத்தவில்லை.

கடைசியில் அந்தப் பெண் எழுந்தாள். கூரைக் கணக்கிலிருந்து தொடங்கி 152 சென்டிமீட்டர் வரை சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது, நிற்கவில்லை. அவள் தந்தை, லாரி ஓட்டுநர், கையைத் தூக்கி என்னிடம் கேட்டார்: "அப்படின்னா டீச்சர், பிள்ளைங்க எண்ணெயக் கொட்டாம, குப்பையப் போடாம இருந்தா இனிமே வெள்ளம் வராதா?"

"வரும் ஐயா" என்றேன். வேறு எப்படிச் சொல்ல? அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். 610 கோடி வெள்ளி நஷ்டம் என்று அரசாங்கப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதை ஒரு போத்தல் எண்ணெயில் நிறுத்திவிட முடியாது. கதவும் இறைப்பு இயந்திரமும் வேலை செய்கின்றனவா, மேலே காட்டை வெட்டுகிறார்களா, கால்வாய் தூர் எடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "கேட்பதற்கு முதலில் தெரிய வேண்டும் ஐயா. உங்கள் மகளுக்கு இப்போது தெரியும்."

அவர் மகளிடம் அந்தத் தாளை வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது தாயார் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அந்த நாளிலிருந்து வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசினதே இல்ல டீச்சர். முந்தாநேத்து ராத்திரி அப்பாவும் மகளும் நாடாவப் பிடிச்சிக்கிட்டு சுவத்தை அளந்தாங்க. ஒரு மணி நேரம் பேசினாங்க. மழை வந்தா இன்னும் தூங்கமாட்டா. ஆனா இப்ப பேசுறா."

ஒரு வார வகுப்பால் கிள்ளான் ஆறு தெளிந்துவிடவில்லை. என் வீட்டு அடுப்பு மேடையில் ஒரு காலிப் போத்தல் நிற்கிறது. ஆறிய எண்ணெயை அதில் ஊற்றி வைக்கிறேன். பழைய எண்ணெய் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், கிலோவுக்குக் காசும் தருகிறார்கள். முன் வரிசைப் பையன் அவனுடைய மாடியில் நான்கு வீடுகளில் அதேபோல் போத்தல் வைக்கச் சொல்லியிருப்பதாகச் செய்தி அனுப்பினான். மாமாவின் சாப்பாட்டுக் கடை இன்னும் இணங்கவில்லையாம்.

அன்பர்களே, உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. இன்று இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். "கடலுக்குப் போய்விடும், அவ்வளவுதான்" என்றால், வழியில் யார் யார் வீடு இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை ஏதாவது சொன்னால், என்னைப் போல் "அப்புறம் பேசுவோம்" என்று திரும்பிக்கொள்ளாதீர்கள். கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து கேளுங்கள்.